மறுப்பவர் இல்லாத உரையாடல்: மனந்திரும்புதலும் செயற்கை நுண்ணறிவும்

அண்மைக் காலத்தில் போதகர் கூடுகைகளில் ஒரு கருத்து அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. நற்செய்தியைத் தமிழ்ப் பண்பாட்டுக்கு இசைந்த வடிவில் வழங்குவதற்கு நம் முன்னோர் நூற்றாண்டுகளாக உழைத்தனர். இன்று செயற்கை நுண்ணறிவு அப்பணியைச் சில நொடிகளில் முடித்துத் தருகிறது. ஆகவே அதனை அருட்பணியின் கருவியாக ஏற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை என்பதே அக்கருத்து. இதனைக் கூறுவோர் விளையாட்டாகக் கூறவில்லை. ஒரு வாரத்தில் நான்கு ஊர்களில் ஆராதனை நடத்தி, இரண்டு அடக்க ஆராதனைகளையும் முடித்து, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிரசங்கக் குறிப்பு எழுத உட்காரும் சேகரக் குருவானவரின் களைப்பை நாம் அறிவோம். ஆயினும் இக்கருத்துக்கு அடிப்படையாக நிற்கும் இரண்டு எண்ணங்கள், அதாவது பண்பாடு இன்னது என்னும் எண்ணமும் மனந்திரும்புதல் இன்னது என்னும் எண்ணமும், ஆராயப்படாமலே ஏற்கப்பட்டு வருகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் புரொட்டஸ்டாண்டுத் திருச்சபையினரின் பெருவிழா நியூரன்பெர்க் நகரில் கூடியபோது, அண்டை நகராகிய ஃபூர்த்தில் உள்ள தூய பவுல் ஆலயத்தில் ஓர் ஆராதனை நடைபெற்றது. வியன்னாப் பல்கலைக்கழக இறையியலர் யோனாஸ் சிம்மர்லைன் அதனை ஒழுங்குசெய்தார். ஜெபம், பிரசங்கம், ஆசீர்வாதம் ஆகியவற்றில் பெரும்பகுதியைச் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவே இயற்றியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஆலயத்தில் நிறைந்திருந்தனர். திரையில் மனித உருவங்கள் தோன்றி ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆராதனையை நடத்தின. கடந்தவற்றை விட்டு முன்செல்லுதல், மரண பயத்தை மேற்கொள்ளுதல், கிறிஸ்துவின்மேல் வைத்த நம்பிக்கையை இழவாதிருத்தல் என்பன பிரசங்கப் பொருள்கள். உபதேசப் பிழை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் திரையில் தோன்றிய உருவம் முகத்தில் அசைவேதுமின்றித் தேய்ந்துபோன வாக்கியங்களை உரைத்த வேளையில் கூடியிருந்தோர் சிரித்துவிட்டனர் என்று செய்தியாளர்கள் எழுதினர். அச்சிரிப்பை அவமரியாதை என்று நாம் கருதவில்லை. மரணம் இல்லாத ஒன்று மரண பயத்தை வெல்லும்படி மனிதருக்குப் போதித்ததைக் கண்ட சபையின் இயல்பான தீர்ப்பு அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாமும் ஒருநாள் மாணவர் சிலருடன் அமர்ந்து இதனைச் சோதித்துப் பார்த்தோம். அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தின்மேல், மானாவாரி வேளாண்மை செய்யும் ஒரு கிராமச் சபைக்கு, தமிழ்ப் பண்பாட்டுக்கு இசைந்த பிரசங்கம் ஒன்று தருமாறு கேட்டோம். கேட்டு முடிக்கும் முன்னரே கிடைத்தது எனலாம். அதில் ஆலமரம் இருந்தது; வாசற்கோலம் இருந்தது; பொங்கிவழியும் பானையும் இருந்தது. கடவுள், தேவன், இறைவன், ஆண்டவர் ஆகிய நான்கு சொற்களும் ஒரே பக்கத்தில் வேறுபாடின்றி விரவிக் கிடந்தன. பேதுரு, தீட்டுள்ளது என்று தாம் எண்ணியதை உண்ண மாட்டேன் என மும்முறை மறுத்த செய்தி, சிறிது தயக்கம் என்னும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எல்லாரும் ஒற்றுமையாய் வாழவேண்டும் என்பதே முடிவுரை.

மாணவர் ஒருவர், இப்பிரசங்கத்தில் சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும் என்று கேட்டார். உடனே இரண்டு தெருக்கள், இரண்டு கல்லறைத் தோட்டங்கள், ஒரே பந்தியில் உண்ணாத விசுவாசிகள் என்று சூடான பகுதியொன்று சேர்ந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. அடுத்து வேறொருவர், இப்பகுதி சபையில் சிலரைப் புண்படுத்தும், ஆகவே மென்மையாக்குக என்றார். அதே பணிவுடன் சாதி நீங்கிற்று. கோலமும் பானையும் திரும்பி வந்தன. இரண்டு வேண்டுதல்களுக்கும் அது காட்டிய இணக்கத்தில் அணுவளவும் வேறுபாடில்லை. இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவதெல்லாம் அன்று கண்ட இக்காட்சியிலிருந்தே எழுகிறது.

பண்பாட்டுக்கு இசைவித்தல் என்பதை உடை மாற்றுவதாக எண்ணினால் இயந்திரத்தின் பணி போதுமானதே. உள்ளே பொருள் ஒன்று இருக்கிறது, அதற்குத் தமிழ் வேட்டியோ ஜெர்மானியச் சட்டையோ அணிவிக்கலாம் என்னும் இவ்வெண்ணத்தை இயந்திரம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் செமினரிகளில் பல ஆண்டுகளாக இசைவாக்கம் பற்றி எழுதப்பட்ட விடைத்தாள்களிலும் இதுவே மலிந்து கிடந்தது. இயந்திரம் நம்மிடமிருந்தே கற்றுக்கொண்டது போலும். ஆனால் தமிழகத்திலும் ஈழத்திலும் நற்செய்தி தமிழில் வேரூன்றிய வரலாற்றைப் பார்ப்போர்க்கு வேறொன்று தெரியும். அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனெரி பீட்டர் பெர்சிவல் திருமறையைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலர் கிறிஸ்தவராகவில்லை. அப்பணி முடியும் முன்பே, 1847ஆம் ஆண்டின் இறுதியில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கிவிட்டார். மிஷனெரிகளிடம் கண்ட பிரசங்க முறையையும் அச்சுக்கூடத்தையும் பள்ளிக்கூடத்தையும் சைவத்தின் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டார். 1854இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம், பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டையே சான்றாகக் காட்டிக் கிறிஸ்தவரின் குற்றச்சாட்டுகளுக்கு விடை கூறிற்று. திருமறையை இவ்வளவு கூர்ந்து வாசித்த கிறிஸ்தவர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்கத் தோன்றுகிறது. பெர்சிவலின் மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைபெறவில்லை என்பது வேறு செய்தி. நாம் கவனிக்க வேண்டியது, அப்பணியில் அவருடன் அமர்ந்திருந்தவர் சொல்லுக்குச் சொல் உதவியவர். அதே வேளையில் அச்சொற்களின் உரிமைக்கோரிக்கையை முழு அறிவுடன் மறுத்தவர். அம்மறுப்பினால் நற்செய்தி சிறுமையடையவில்லை. தன்னை ஏற்காத ஓர் அறிஞரின் முன்னிலையில் நின்று பேசவேண்டிய கட்டாயம் அதற்கு நேர்ந்தது, அவ்வளவே.

திருநெல்வேலிக்குத் திரும்புவோம். கரையிருப்பில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தவர்; கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் அவர் கிறிஸ்தவர் அல்லர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் 1878இல் வெளிவரத் தொடங்கிற்று. நூலாக வந்தது 1894இல். திருமுழுக்குக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். இலக்கிய வரலாறுகள் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று போற்றி முடித்துவிடுகின்றன. அப்பட்டம் அவருக்கு நன்மை செய்ததைவிடத் தீமை செய்ததே மிகுதி என்பது நம் கருத்து. கம்பனின் உடையைக் கிறிஸ்துவுக்கு அணிவித்தவர் என்று அது அவரைக் காட்டிவிடுகிறது.

நூலை மூலத்துடன் வைத்துப் படிப்போர் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம், கிறிஸ்துவின் பாடுகளின் கதையைத் தன் வாசகர் அறிந்திருப்பர் என்று எடுத்துக்கொண்டு நடந்தது. ஆங்கில நாட்டு வாசகருக்கு அது போதும். கிருஷ்ண பிள்ளை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக நூலை வகுத்து, குமார பருவத்தில் பாடுகளின் வரலாற்றை முழுமையாகப் பாடினார். பனியனில் இல்லாத பகுதி இது. நூலின் இதயமும் இதுவே. பக்தி இயக்கத்தின் மண்ணில் வளர்ந்த ஒருவருக்கு, யாருடைய திருவடியில் தன் சுமை விழுகிறது என்பதைக் காட்டாமல் சுமை விழுந்தது என்று மட்டும் சொல்லிப் போக இயலவில்லை. இவ்விடத்தில் அவர் பனியனுக்கு 'மாட்டேன்' என்கிறார். இடையிடையே தேவார அமைப்பில் இசைப்பாக்களைச் சேர்த்ததும் இத்தகையதே. கம்பனின் விருத்தத்தை எடுத்துக்கொண்டு, தாம் முன்பு பற்றியிருந்த தெய்வ நம்பிக்கையை விட்டுவந்ததன் வலியும் அந்த விருத்தங்களிலேயே ஒலிக்கிறது. தமிழ் அவரை மாற்றிற்று; அவரும் தமிழை மாற்றினார். இரண்டு மாற்றங்களுக்கும் காலம் தேவைப்பட்டது.

இதற்கு மறுபக்கம் உண்டு. பண்பாட்டைக் காத்தவர் எல்லாரும் நம் பாராட்டுக்கு உரியவர் அல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெருங்கவிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிதாக வந்த மிஷனெரிகள்மேல் அவர் சாட்டிய கொடுமைகள் நான்கு. பழகிய திருமறைத் தமிழை மாற்றினர் என்பது ஒன்று. திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்கினர் என்பது இன்னொன்று. ஆராதனையில் தமிழ்ப் பாடல்களையும் இசையையும் தடுத்தனர் என்பது மற்றொன்று. இம்மூன்றிலும் நம் மனம் சாஸ்திரியாருடனே நிற்கிறது. நான்காவது, ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி ஒன்றாய் அமரச்செய்தனர் என்பது. பூவையும் பாட்டையும் காத்த அதே குரல், அதே மூச்சில், சாதியையும் பண்பாடு என்று காத்தது. இந்நான்கையும் பிரித்து, மூன்றை ஏற்று ஒன்றைத் தள்ளும் பொறுப்பு திருச்சபைக்கு இருந்தது. அதில் திருச்சபை இன்றுவரை தடுமாறுகிறது. ஆனால் தடுமாறுவதற்கும் ஒரு மனச்சான்று வேண்டும். நாம் சோதித்த இயந்திரம் நான்கையும் ஒரே தட்டில் வைத்து, எது வேண்டும் என்று நம்மிடமே கேட்டது.

இவ்விடத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. இயந்திரம் தமிழ்ப் பண்பாடு என்று கற்றுக்கொண்டது எதனை? எழுதப்பட்டவற்றை, அவற்றுள்ளும் கணினிக்கு எட்டியவற்றை. தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சைக்குச் சென்று, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்து, தம் மக்களிடையே சபையைத் தோற்றுவித்தார். மிஷனெரி ரிங்கல்தௌபே 1806இல் அப்பகுதிக்கு வந்ததும் அவர் பொருட்டே. ஒடுக்கப்பட்ட மக்களின் திருச்சபை வரலாற்றில் தலையாய பெயர் அது. ஆயினும் அவரைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் பிறர் எழுதிவைத்ததன் வாயிலாகவே. அவருக்குப் பின்பு கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்ற மக்களோ, அவர்களுள் பெண்களோ, தம் மனந்திரும்புதலை எழுதிவைக்கவில்லை. பேசினர், பாடினர், அழுதனர். எழுத்தில் இல்லாதோர் இயந்திரத்தின் தமிழிலும் இல்லை. அது தரும் 'தமிழ்ப் பண்பாடு' எழுதத் தெரிந்தோரின், எழுத விடப்பட்டோரின் பண்பாடு. ஆலமரமும் கோலமும் வந்து பறை வராமல் போனதற்குக் காரணம் இதுவென்று நாம் கருதுகிறோம்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு இதனை முன்பே உணர்ந்தவர். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளையே தமிழ்க் கிறிஸ்தவ இசை என்று போற்றிய மரபை அவர் மறுத்து, நாட்டார் இசையில் வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் கூடி உண்ணுதலை இறையாட்சியின் அடையாளமாகக் கொண்டார். அவரிடம் நாம் மிகவும் மதிப்பது, கிராம மக்கள் தம் பாடல்களை மாற்றிப் பாடுவதை அவர் வரவேற்றமை. மக்கள் ஒரு சொல்லைத் தள்ளி வேறு சொல்லை வைக்கும்போது அப்பாடலின் இறையியல் திருத்தம் பெறுகிறது என்பது அவர் கருத்து. திருத்துவோர் தங்கள் பசியினின்றும் இழிவினின்றும் திருத்துகின்றனர். சோதனையின்போது இயந்திரமும் நாம் திருத்தச் சொன்னதெல்லாம் திருத்திற்று. ஆனால் அங்கே திருத்தத்தால் எவருக்கும் எதுவும் நேரவில்லை.

மனந்திரும்புதல் என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் நம் பழைய திருமறைத் தமிழ் குணப்படுதல் என்னும் சொல்லை வைத்தது. நோய் நீங்குதலுக்கும் மக்கள் அச்சொல்லையே வழங்குகின்றனர். மதமாற்றம் என்பது பிற்காலத்தில் வழக்குமன்றத்திலும் செய்தித்தாளிலும் வலுப்பெற்ற சொல். ஒடிசாவில் 1967இலும் மத்தியப் பிரதேசத்தில் 1968இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் பலவந்தம், வஞ்சகம், ஆசைகாட்டுதல் ஆகியவற்றால் நிகழும் மாற்றத்தைத் தடைசெய்தன. 1977இல் உச்சநீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று தீர்ப்பளித்து அச்சட்டங்களை நிலைநிறுத்திற்று. தமிழ்நாட்டில் 2002இல் வந்த இத்தகைய சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இச்சட்டங்கள் ஏழை எளியோரின் மனச்சான்றைச் சிறுமைப்படுத்துவன, அவர்கள் சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றலை ஐயுறுவன என்று நாம் வாதிட்டு வந்தோம்; இன்றும் அவ்வாறே கருதுகிறோம்.

அவ்வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பிப் பார்ப்பது நேர்மை. நள்ளிரவில் தனித்திருக்கும் ஒருவர் தம் துயரத்தைக் கைபேசியில் தட்டெழுதுகிறார். எதிரே சலிப்பறியாத ஒன்று, அவர் சொல்லச் சொல்ல அவருடைய மொழிக்கும் சாதிக்கும் காயத்துக்கும் ஏற்பத் தன் பேச்சை அமைத்துக்கொண்டு, நற்செய்தி கூறுகிறது. தான் மனிதன் அன்று என்பதை அது மறைக்குமாயின் அது வஞ்சகமே. மறைக்காவிடினும், ஒருவரின் தளர்ந்த இடத்தைக் கண்டறிந்து அதற்கேற்ற சொல்லைத் தொடுப்பது ஆசைகாட்டுதல் ஆகாதா? நம்மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட குற்றத்தை நாமே கருவியின் வாயிலாக மெய்யாக்கிக்கொள்ளும் நிலை வரலாம். அவர் கூறிய அந்தரங்கம் எந்த நிறுவனத்தின் கணினியில், எத்தனை காலம் தங்கும் என்பது அவருக்கும் தெரியாது, அவரை அனுப்பிவைத்த போதகருக்கும் தெரியாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று குருவின் உருவத்தில் இத்தகைய உரையாடியை வெளியிட்டது. அது தன்னை மெய்யான குரு என்றே சொல்லிக்கொண்டது என்று பயன்படுத்தியோர் எடுத்துக்காட்டியபின், சில நாட்களிலேயே அதன் குருவுடை களையப்பட்டது. உடையைக் களைந்தது நன்று, பேச்சு அதேதான்.

இவ்வளவும் கூறியதால் இயந்திரத்தையே விலக்குக என்று நாம் கூறுவதாக எண்ணவேண்டாம். பார்வையற்ற மாணவருக்கு நூல்களை வாசித்துக் காட்டவும், ஒத்தவாக்கியம் தேடவும், கிரேக்கச் சொல்லின் வழக்குகளை ஒப்பிடவும் அது உதவுகிறது. அவ்வுதவியை நாமும் பெறுகிறோம். குறிப்பெடுக்க உதவுவதும் கூப்பிட்டு அழைப்பதும் ஒன்றல்ல என்பதே நம் வேறுபாடு.

மீண்டும் கொர்நேலியுவின் வீட்டுக்கு வருவோம். அவ்வதிகாரத்தில் மனந்திரும்பியவர் யார் என்று தேர்வில் கேட்டால் மாணவர் பெரும்பாலோர் கொர்நேலியு என்றே எழுதுவர். அவரோ முதலிலேயே தேவபயமுள்ளவர், தருமம் செய்பவர். கதையில் நெடுந்தூரம் பயணம் செய்பவர் பேதுருவே. யோப்பாவிலிருந்து செசரியா வரை. மும்முறை மறுத்தவர், புறஜாதியார் வீட்டு வாசற்படியைத் தாண்டினார். எருசலேமுக்குத் திரும்பியபின் அவர்களோடு உண்டதற்காகக் கணக்குக் கொடுக்க வேண்டியவரானார். அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் சேர்ந்தே நேர்ந்த திருப்பம் இது. பேதுருவின் மறுப்பைத் தயக்கமாகச் சுருக்கிய பிரசங்கம், அவருடைய மனந்திரும்புதலையும் உடன் சுருக்கிவிட்டது.

சென்ற ஆண்டு நம் மாணவர் சிலர் கிராமச் சபைகளில் முதியோரிடம் அவர்கள் குடும்பம் விசுவாசத்துக்கு வந்த வரலாற்றைக் கேட்டு எழுதினர். மேலே கூறிய குறையை நீக்க எண்ணியே இப்பணியைத் தொடங்கினோம். எழுதியவற்றைக் கணினியில் ஏற்றினால் நாளை இயந்திரத்தின் தமிழில் அம்மக்களின் குரலும் சேரும் என்றார் ஒருவர். அக்குரலை யார் யாரோ தங்கள் வியாபாரத்துக்கு எடுத்தாள்வர் என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. நாம் இன்னும் முடிவுசெய்யவில்லை. எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், தம் பாட்டி ஊர்க்கிணற்றில் நீர் எடுத்த நாளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்றாராம். மாணவர் வாசித்தார். இரண்டு இடங்களில் அவர் நிறுத்தி, அப்படி இல்லை என்று திருத்தினார். மூன்றாவது இடத்தில், அதை எழுத வேண்டாம், அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள் என்று அடிக்கச் சொன்னார். அடிக்கப்பட்ட வரிகளுடன் அக்குறிப்பேடு இப்பொழுது நம் நூலகத்தில் இருக்கிறது.